ஒடியோலை

சுவாமிமலைக்கு வருவதற்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த வேலை. பம்ப்செட்டுக்கான கேசிங், இம்பெல்லர், பிராக்கெட் என்று நாள் முழுக்க வார்ப்புதான். மண்ணில் அச்செடுப்பது, உலோகத்தை உருக்கி ஊற்றுவது, ஆறியதும் உடைத்தெடுத்துப் பிசிறு நீக்குவது எல்லாம் கைக்குப் பழகியவை. அதனால் சிலை வார்ப்பு கற்றுக்கொள்ளக் கிளம்பியபோது, பாதித் தொழில் ஏற்கெனவே கையில் இருக்கிறது, மீதியைக் கற்றுக்கொண்டால் போதும் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். உலோகத்தைப் பொறுத்தவரை அது உண்மை. செம்பும் பித்தளையும் கோவையில் உருகுகிற மாதிரிதான் காவிரிக் கரையிலும் உருகுகின்றன. ஆனால் ஒரு வேலையில் எதை முதலில் முடிவு செய்வது, யாரைக் கேட்டு முடிவு செய்வது, எந்த முடிவைத் தொடவே கூடாது என்பதெல்லாம் இரண்டு ஊரிலும் வேறு வேறாக இருந்தன. நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அதுதான்.

வேலையின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் சிலையைச் செய்வார்கள். வெயில் காலத்துப் பதம் வேறு, மார்கழிப் பதம் வேறு. மெழுகுச் சிலையின் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாக அரைத்து முதல் பூச்சு. அது நிழலில் காய்ந்ததும் வயல் களிமண்ணில் மணல் கலந்து அடுத்தடுத்த பூச்சுகள், பெரிய சிலையென்றால் கம்பிக் கட்டு. வரட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் போகும். மண்ணை உடைத்தெடுத்த பிறகு அரமும் உளியும் கொண்டு மாதக்கணக்கில் சீர் செய்கிற வேலை. ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அச்சும் போய்விடும், மெழுகும் போய்விடும். எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதற்கு மெழுகை எடை போட்டாலே போதும். சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள 12-ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம், செம்புக்கும் பித்தளைக்கும் மெழுகின் எட்டு மடங்கு என்று சொல்கிறது. எங்கள் பட்டறையில் எட்டுக்கு மேல் கொஞ்சம் கூட்டியே உருக்குவோம். தராசு மட்டும் இப்போது டிஜிட்டல்.

இதெல்லாம் கோவைக்காரனுக்கு உடனே பிடிபட்டுவிடும். பிடிபடாமல் இருந்தது ஓலை.

பச்சைத் தென்னை ஓலையில் ஈர்க்கை நீக்கிவிட்டு, விரல் அகலத்தில் ஒரு நாடாவாகக் கிழித்துக்கொள்வார் எங்கள் பட்டறையின் ஸ்தபதி. செய்யப்போகும் சிலையின் உயரம் எவ்வளவோ அந்த நீளத்துக்கு அதை நறுக்குவார். பிறகு பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடிக்கத் தொடங்குவார். முதலில் பெரிய பகுப்புகள் வரும். முகம், கழுத்து, கழுத்திலிருந்து மார்பு, மார்பிலிருந்து நாபி, அதற்குக் கீழே இடுப்பு, தொடை, முழங்கால், கணைக்கால், பாதம். ஒவ்வொரு மடிப்பிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஓலை ஒடிந்து நிற்கும், ஆனால் துண்டாகாது. இதற்கு ஒடியோலை என்று பெயர். உயர்ந்த தெய்வங்களின் உருவம் என்றால் உத்தம தச தாளம், அதாவது மொத்த உயரம் 124 பங்கு. அதில் தொடைக்கு 27, கணைக்காலுக்கு 27, முழங்காலுக்கு 4, பாதத்தின் உயரத்துக்கு 4. தேவியருக்கு மத்திம தச தாளம், 120 பங்கு. பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம். இந்தப் பங்கு ஒவ்வொன்றுக்கும் அங்குலம் என்றுதான் பெயர். ஆனால் கடையில் வாங்கும் ஸ்கேலில் உள்ள அங்குலம் வேறு. இது அந்தந்த உருவத்தின் உயரத்திலிருந்து பிறப்பது. சாண் உயரச் சிலையின் அங்குலம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். கோயில் வாசலில் நிற்கும் ஆளுயரச் சிலையின் அங்குலம் சென்டிமீட்டரைத் தாண்டும்.

மடித்து முடித்த ஓலையை என் கையில் கொடுத்து ஓர் அம்மன் சிலையின் கால்களுக்கு மெழுகு உருட்டச் சொன்னார். நான் பழக்கத்தில் கேட்டேன்.

"ஐயா, இந்தத் தொடை எத்தனை மில்லிமீட்டர் வரணும்?"

அவர் கோபப்படவில்லை. "மில்லிமீட்டர் தெரிஞ்சு என்ன பண்ணப்போற தம்பி? கணைக்கால் எவ்வளவோ தொடை அவ்வளவு. முகத்துக்கு எவ்வளவு எடுத்தோம்னு பாரு. இந்த அம்மனோட அளவ இந்த அம்மன்கிட்டயே கேளு."

ஃபவுண்டரியில் ஒரு வார்ப்பின் அளவை அந்த வார்ப்பிடம் யாரும் கேட்பதில்லை. டிராயிங்கிடம்தான் கேட்போம். டிராயிங்கில் ஓர் எண் இருக்கும், பக்கத்தில் டாலரன்ஸ் இருக்கும். அந்த எல்லைக்குள் வந்தால் பாஸ், வெளியே போனால் ரிஜெக்ட். அளவு என்றாலே வெளியிலிருந்து வருவது என்றுதான் அதுவரை என் புத்தி வேலை செய்திருக்கிறது. அது ஒரு பழக்கம் என்றே எனக்குத் தெரியாது. எண்ணுவதற்கும் அளப்பதற்கும் உலகம் முழுக்க ஒரே வழிதான் என்று நம்பியிருந்தேன்.

ஓலையின் அறிவு எனக்கு உறைத்தது உலோகம் சுருங்குகிற விஷயத்தில்தான். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்கு ஏறத்தாழ அரைக்கால் அங்குலம், வெண்கலம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கோவையில் பேட்டர்ன் மேக்கர்கள் இதற்காகவே ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். சாதாரண ஸ்கேலைவிட அது இத்துணூண்டு நீளம். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு ஸ்கேல். மாற்றி எடுத்துவிட்டால் மொத்த லாட்டும் போச்சு. சுவாமிமலையில் அப்படி ஒரு ஸ்கேலைத் தேடினேன், இல்லை. தேவையே இல்லை என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. சிலை சுருங்கினால் முகமும் சுருங்கும், தொடையும் அதே அளவில் சுருங்கும், அங்குலமும் கூடவே சுருங்கும். ஆறிய பிறகும் 124 பங்கு 124 பங்குதான். வெளி எண்ணைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு எதுவும் இல்லாமல், உறவைக் காப்பாற்றுகிற ஒரு முறை இங்கே நூற்றாண்டுகளாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. பீடத்தில் பொருந்தும் முளை, திருவாசி உட்காரும் துளை போன்ற இடங்களில் மட்டும்தான் வெளி அளவு பேசும். அங்கே ஸ்தபதியும் காலிப்பரைத்தான் எடுப்பார்.

பின்னாளில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது இந்தப் பட்டறைதான் நினைவில் ஓடியது. ஷினோபு கிட்டயாமா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2003-இல் வெளியிட்டது. ஒரு சதுரத்துக்குள் ஒரு கோடு தொங்குகிறது. அதைக் காட்டிவிட்டு, வேறு அளவுள்ள இன்னொரு சதுரத்தைக் கொடுக்கிறார்கள். ஒரு முறை, கோட்டின் நீளம் மாறாமல் அப்படியே வரையச் சொல்கிறார்கள். இன்னொரு முறை, முதல் சதுரத்துக்கு அந்தக் கோடு என்ன விகிதமோ அதே விகிதத்தில் புதுச் சதுரத்துக்கு வரையச் சொல்கிறார்கள். நீளத்தை அப்படியே எடுப்பதில் அமெரிக்கர்கள் தேறினார்கள், விகிதத்தில் ஜப்பானியர்கள் தேறினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் அடுத்த பகுதி. ஜப்பானில் வாழ்ந்த அமெரிக்கர்களும் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களும் தாங்கள் வாழும் ஊரின் பக்கமே சாய்ந்திருந்தார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் இதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் இதைவைத்து இன்ன நாட்டு மூளை இப்படித்தான் என்று நான் பேசமாட்டேன். ஆனால் பார்வை என்பது ரத்தத்தில் வருவதல்ல, புழங்குகிற இடம் பழக்கிவிடுவது என்பதை என் கண்ணே எனக்குச் சாட்சி சொல்கிறது. இன்று ஒரு சிலையைப் பார்த்தால் உயரம் எவ்வளவு என்று எனக்குத் தோன்றுவதில்லை. முகத்துக்கும் மார்புக்கும் உள்ள இடைவெளி சரியா என்றுதான் கண் போகிறது. ஊருக்குப் போகும்போது பழைய நண்பர்களின் பட்டறையில் கேசிங்கைப் பார்த்தாலும் அப்படியே பார்க்கிறேன்.

இதைச் சொன்னால் சிலர் உடனே, அங்கே அறிவியல், இங்கே பண்பாடு என்று பிரித்துவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஃபவுண்டரியிலும் பண்பாடுதான் நடக்கிறது. ஆயுத பூஜை அன்று சூளைக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பதைச் சொல்லவில்லை. டிராயிங்கையே சொல்கிறேன். கோவையில் செய்த இம்பெல்லர் ராஜஸ்தானில் ஏதோ ஒரு கிணற்றடியில் பழுதாகும். அங்கே ஒரு மெக்கானிக், நான் முகம் பார்த்திராத ஆள், கடையில் புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்துவார். அது பொருந்த வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் செய்த பாகங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று ஒரு சமூகம் முடிவெடுத்தால், எல்லோருக்கும் பொதுவான வெளி எண் இல்லாமல் முடியாது. சிலைக்கு அந்தத் தேவை இல்லை. அது தனக்குத்தானே பொருந்தினால் போதும், பிறகு நிற்கப்போகும் கருவறைக்குப் பொருந்தினால் போதும். யாரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் இரண்டு ஊரும் தங்கள் அளவுகோலைச் செய்துகொண்டிருக்கின்றன. அளவுகோல் கைக்கு வந்த பிறகு அந்தத் தீர்மானம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அடுத்த தலைமுறைக்கு அது வெறும் உண்மையாகத் தெரிகிறது.

இவ்வளவு விதி இருந்தால் சிற்பிக்கு முடிவெடுக்க என்ன மிச்சம் என்று நானும் கேட்டிருக்கிறேன். எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், எந்தக் கால் ஊன்றுவது என்பதைத் தியான சுலோகம் சொல்லிவிடும். நீளங்களை ஓலை சொல்லிவிடும். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அதுதான் கஷ்டம். கன்னம் எங்கே உதட்டில் முடிகிறது, ஊன்றாத காலின் முழங்கால் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, வயிற்றில் மூச்சு நிற்கிறதா. எங்கள் பட்டறையில் மெழுகு வேலை நாலைந்து பேர் செய்வோம், முகத்தை மட்டும் ஸ்தபதி எடுத்துக்கொள்வார். காய்ச்சிய இரும்புக் கம்பியின் நுனியால் கீழ் இமையை ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு சிலையைத் தள்ளி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். அரை மணி கழித்து வந்து, அதே இடத்தில் இன்னொரு இழுப்பு. தொடை நீளத்தைப் பற்றி அன்றாடம் யோசிக்க வேண்டியிருந்தால் அந்தக் கீழ் இமைக்கு அவருக்குப் பொழுது ஏது? முன்னோர் சிலவற்றை முடிவு செய்து பூட்டிவைத்தது அவருடைய கவனத்தை இந்த ஓர் இடத்துக்கு மிச்சப்படுத்தத்தான் என்று நான் நினைக்கிறேன். 2023-இல் டெல்லி ஜி20 மாநாட்டுக்குச் சுவாமிமலையில் வார்த்த நடராசர் 27 அடி உயரம், ஏறத்தாழ 18 டன். விகிதக் கணக்கில் அதுவும் ஒரு சாண் நடராசரும் ஒன்றுதான். முகம் கைகூடுவது மட்டும் ஒவ்வொன்றிலும் புதுச் சோதனை.

ஒரு முறை ஆறிய அச்சை உடைத்தபோது, ஓர் அம்மன் சிலையின் பின்தோளில் கடுகளவு துளை இருந்தது. ஊற்றும்போது காற்று சிக்கிக்கொண்ட இடம். ஃபவுண்டரிப் புத்தி எனக்கு உடனே ஒரு பட்டியலை நீட்டியது. எந்தப் பரப்பு, எத்தனை மில்லிமீட்டர் ஆழம், தாங்கும் இடமா, தாங்காத இடமா. ஸ்தபதி துளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது யாருக்குப் போறது?"

வீட்டு வரவேற்பறையில் வைப்பதற்கு என்று ஒருவர் சொல்லியிருந்த சிலை. "அப்ப அடைச்சு ராவிடு" என்றார். பூசைக்கு என்றால் உருக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம் என்பது எனக்கு முன்பே தெரியும். அப்படி உருக்கியதைப் பார்த்தும் இருக்கிறேன், மூன்று பேரின் மாத உழைப்பு மூசைக்குள் போனது. பூசைக்குப் போகும் திருமேனி கனவார்ப்பாக இருக்க வேண்டும், உள்ளே பொள்ளல் கூடாது, ஒட்டுப் போட்ட இடம் இருக்கக் கூடாது. ஒரே துளை, ஒரே தோள், முடிவு மட்டும் வேறு. தரம் என்றால் பொருளுக்குள்ளேயே இருக்கும் ஒன்று என்று பழகியவனுக்கு இது நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது உறுத்தல் இல்லை. பொருளை மட்டும் தனியாக நிறுத்தி எடைபோட அவருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் நிற்கப்போகும் ஆளையும் சேர்த்தே எடை போடுவார். வரவேற்பறைக்காரரிடம் அடைத்த இடத்தைக் காட்டி, விலையில் குறைத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாள் பார்ப்பதும் இப்படித்தான். பூசைத் திருமேனிக்குக் கண் திறக்கிற வேலை கடைசியில். தங்க ஊசியால் ஸ்தபதி கருவிழியைக் கீறுவார். பஞ்சாங்கம் பார்த்து, குளித்து, விரதமிருந்து. லாரி வாசலில் நின்றாலும் நேரம் வராமல் ஊசியைத் தொடமாட்டார். ஃபவுண்டரியில் டெஸ்பாட்ச் தேதிதான் கடவுள். அதற்காக ராத்திரி ஷிஃப்ட் போடுவோம், ஞாயிற்றுக்கிழமை வருவோம். இரண்டையும் வாழ்ந்து பார்த்த பிறகு, எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று ஒருவர் நினைப்பதில்தான் அவருடைய ஊர் அதிகம் தெரிகிறது என்று சொல்வேன்.

இதில் எனக்கு வலித்த ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். பரம்பரையாக இது விஸ்வகர்மா குடும்பங்களின் தொழில். இன்று சுவாமிமலைப் பட்டறைகளில் ராவுவது, தேய்ப்பது, மண் பூசுவது எல்லாவற்றிலும் எல்லாச் சாதியினரும் இருக்கிறார்கள். ஆனால் மெழுகுப் பலகை வேறு. நான் வேறு சாதி. என்னை அந்தப் பலகையில் உட்கார வைக்கலாமா என்று ஸ்தபதியின் குடும்பத்துப் பெரியவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழவே விழுந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர், எனக்குச் சோறு போட்டவர்கள். ஓலையில் தொடைக்கு 27 என்பது எப்படி அவர்களுக்குக் கேள்விக்கு அப்பாற்பட்டதோ, யார் கை மெழுகைத் தொடலாம் என்பதும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே குரலில் ஒரே தாத்தாவிடமிருந்து வந்தவை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது சிலையை நிற்க வைக்கிறது. இரண்டாவதை எடுத்துவிட்டாலும் சிலை அதே போல நிற்கும். மரபு என்ற பெயரில் வருவதில் எது வேலை செய்கிறது, எது வெறுமனே கூட வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதைத் தொழில் கற்பவன் செய்யாமல் விடக் கூடாது. ஸ்தபதி எந்த விவாதமும் செய்யவில்லை. ஒரு காலையில் என்னை அழைத்துத் தன் பக்கத்தில் பலகை போடச் சொன்னார், அவ்வளவுதான். மகாபலிபுரத்தில் 1957-இலிருந்து அரசு நடத்தும் சிற்பக் கல்வி நிலையத்தில் படித்து வருகிற பிள்ளைகளைப் பார்த்தவர் அவர். பெண்கள் இன்னும் எங்கள் தெருவில் அந்தப் பலகைக்கு வரவில்லை. வர வேண்டும் என்பது என் ஆசை, அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது கணினி தெரிந்தவன் என்பதால் வெளிநாட்டு ஆர்டர்களை நான்தான் பார்க்கிறேன். அண்மையில் ஒரு கோயில் குழுவினர் பழைய சோழர் காலத்துத் தேவி சிலை ஒன்றின் படங்களோடு, ஒவ்வோர் அங்கத்துக்கும் மில்லிமீட்டரில் அளவு குறித்த டிராயிங்கும் அனுப்பியிருந்தார்கள். அப்படியே வேண்டுமாம். டிராயிங்கிலிருந்து மொத்த உயரத்தை மட்டும் எடுத்து நான் ஓலை மடித்தேன், 120 பங்கு. மடித்ததை டிராயிங்கோடு ஒப்பிட்டபோது மேலுடம்பு ஒத்துப்போனது, இடுப்புக்குக் கீழே ஒத்துப்போகவில்லை. ஒரு பக்க இடுப்பு ஓலை சொல்வதைவிட உயர்ந்து, தொடை நீண்டிருந்தது. சோழர் காலச் சிற்பிகள் நூல் அளவை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியவர்கள் அல்லர் என்பது அறிந்ததுதான். ஸ்தபதியிடம் இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன். டிராயிங்கை ஒதுக்கிவிட்டுப் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"மூணு வளைவு நிக்கிற உடம்பு. ஒரு கால்ல கனம் முழுக்க இறங்குது. அவர் ஓலைய மீறினது தெரிஞ்சுதான் மீறியிருக்கார். எதுக்குன்னு எனக்குப் பக்கவாட்டுல பாத்தாத்தான் தெரியும். தெரியறவரைக்கும் நான் ஓலைய விடமாட்டேன், எண்ணப் பாத்து எழுதவும் மாட்டேன்."

பக்கவாட்டுப் படமும் பின்புறப் படமும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். வந்தன. அவர் தூக்குநூலைப் படத்தின் மேல் பிடித்து, கனம் இறங்கும் காலின் கணுவில் நூல் விழுவதைக் காட்டினார். அந்த ஓர் இடத்தில் தொடைக்கு ஒரு பங்கு கூட்டி, புது ஓலையில் நகத்தால் கீறினார். டிராயிங் சொன்ன எண்ணிலிருந்து அது சற்றுத் தள்ளித்தான் வந்தது. குழுவினருக்குக் காரணத்தை எழுதியிருக்கிறேன், தூக்குநூல் படத்தையும் சேர்த்து. அவர்கள் சம்மதம் வந்ததும் கால்களுக்கு மெழுகு உருட்டுவது என் வேலை.